கடைசி வீட்டில் ஆள் உண்டு

அவள் வீட்டுக் கதவுக்கு நாதாங்கி உண்டு, பூட்டு கிடையாது. பூட்டு வாங்க வக்கில்லாமல் அல்ல. பூட்டுகிற வேளை என்று ஒன்று வந்தால்தானே வாங்குவதற்கு? கல்யாணமாகி நான் ஆம்பூருக்கு வந்து, பாலாற்றங்கரைக்குப் பக்கத்தில் எங்கள் வரிசையில் குடித்தனம் வைத்ததிலிருந்து, அந்தப் பெண்பிள்ளை வாசலைத் தாண்டிப் பத்தடி போய் நான் பார்த்ததில்லை. கடைசி வீட்டு அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். பேர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரே ஆள் அவள் வீட்டுக்காரர். அவர் கோலார் தங்கவயலில் சுரங்க வேலைக்குப் போனவர், வருஷத்துக்கு ஒரு தரம் வந்தால் அதிசயம்.

நெட்டையான உருவம். ஒட்டிய கன்னம். பேசும்போது முகம் நம் பக்கம் இருக்கும், காது தெருப் பக்கம் இருக்கும். தோல் பதனிடும் கொட்டகையிலிருந்து ஆவாரம்பட்டையை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லி, அடித்து நொறுக்கிக் கொடுப்பாள். அதனால் உள்ளங்கை இரண்டும் எப்போதும் செம்பழுப்பாக இருக்கும். கொட்டகைக்கே வந்து வேலை செய்தால் ஜாஸ்தி கூலி தருகிறோம் என்றார்கள். “எனக்குக் கம்மியே போதும்” என்று சொல்லிவிட்டாள். தண்ணீருக்கு மகள் போவாள், கடைக்கு மகள் போவாள். செல்லம் என்று பேர், பாவாடை கட்டுகிற வயசு, அம்மாவுக்கு நேர்மாறாக ஊரெல்லாம் சுற்றுகிற பெண்.

தன் தங்கைக்குக் கல்யாணம் நடந்தபோதும் அவள் போகவில்லை. மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் வண்டி கட்டிக்கொண்டு அவள் வாசலுக்கே வந்து இறங்கினார்கள். அவள் வாசற்படிக்கு உள்ளே நின்றுகொண்டு அட்சதை போட்டாள். நாங்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எனக்குச் சின்ன வயசு, எல்லாவற்றுக்கும் சிரிப்பு வரும். ஆனால் கணியம்பாடியில் அவள் அம்மா செத்துப்போனதாக ஆள் வந்து சொன்ன அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. செல்லத்தை அந்த ஆளோடு அனுப்பிவிட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். அழுதாள், ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதினாள், மறுபடியும் அழுதாள். பெற்றவள் கிடக்கிறாள், இவள் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்கிறாளே என்று இருந்தது எனக்கு.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வரிசையில் வீடு எங்களுடையது, அடிமனை வேறொருவருடையது. மனைக்காரர் பட்டணத்தில் இருந்தார். எங்கள் மாமனார்கள் காலத்தில் வரிசை முழுவதையும் ஒரே சமயத்தில் குத்தகைக்கு விட்டிருந்தார். மண்ணெடுத்துச் சுவர் வைத்தது, மரம் வாங்கி ஓடு போட்டது எல்லாம் குடியிருந்தவர்கள். குத்தகைக் காலம் முடிந்தால் மனைக்காரர் மனசு வைத்துக் காலத்தை நீட்டிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஓட்டையும் மரத்தையும் பிரித்துக்கொண்டு போகலாம். சுவரை எங்கே தூக்கிக்கொண்டு போவது? அது மண்ணோடு மண்ணாக மனைக்காரருக்கு.

இதில் இன்னொரு பேச்சும் இருந்தது. ஆள் குடியிருக்கிற வரைக்கும்தான் குத்தகை. ஆள் இல்லாமல் போட்டுவைத்தால் மனை திரும்பிவிடும். ஆள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மனைக்காரரின் கணக்குப்பிள்ளை அவ்வப்போது வருவார். வீடு வீடாக நுழைய மாட்டார். குடையை ஊன்றிக்கொண்டு ரஸ்தாவில் நிற்பார், கூரைகளை அண்ணாந்து பார்ப்பார். எந்தக் கூரையில் புகை வருகிறதோ அங்கே ஆள் உண்டு. வராத வீட்டைக் கவனித்து வைத்துக்கொள்வார். “கணக்குப்பிள்ளை புகை பாக்க வர்றாரு” என்று முதல் வீட்டில் குரல் கேட்டால் போதும், வெந்த சோற்றை இறக்கி வைத்தவர்கள்கூட ஓடிப்போய் அடுப்பில் ஈர வைக்கோலைத் திணிப்பார்கள். கண் எரிய, இருமிக்கொண்டு, அவர் போகிற வரைக்கும் உள்ளேயே கிடப்போம். கடைசி வீட்டு அக்காவுக்கு அந்தக் குரல் தேவையில்லை. குடைக் கம்பு ரஸ்தாவில் தட்டுவது அவளுக்கு எங்களுக்கெல்லாம் முன்னால் கேட்டுவிடும்.

நடு வீட்டுக்காரர்களுக்கு நேர்ந்ததை அவள் கண்ணால் பார்த்தவள். நான் வருவதற்கு முன்னால் நடந்தது. ஜோலார்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போக வேண்டும் என்று அவர்கள் கணக்குப்பிள்ளையிடமே போய்ச் சொன்னார்களாம். “போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்” என்றாராம் அவர். திரும்பி வந்தபோது ஓடுகளைத் தெருவோரம் அடுக்கி வைத்திருந்தார்கள். மனை வேறு கைக்குப் போயிருந்தது. அந்த அம்மாள் மஞ்சள் துணி மூட்டையும் கையுமாக, கல்யாணச் சேலை கசங்காமல் நின்ற நிலையை அக்கா எனக்குச் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிடும். “வீட்ட விட்டு வெளிய வர்ற வரைக்கும்தான் தங்கச்சி அது நம்ம வீடு” என்பாள். புருஷன் கூப்பிட்டும் கோலாருக்குப் போகாமல் தனியாகக் கிடந்ததும் இதற்காகத்தான். வேலை விட்டு வருகிறவருக்கு ஒரு வீடு வேண்டாமா என்பது அவள் கேள்வி. வீடு இருக்கிறது, புருஷன் எங்கே என்று அவளைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

குத்தகைக் காலம் முடிகிற வருஷமும் வந்தது. மார்கழியில் கணக்குப்பிள்ளை வந்து, “தை பொறந்ததும் ஐயா பட்டணத்துலேர்ந்து வர்றாங்க. வரிசைக்கே காலத்த நீட்டி எழுதிடலாம். ஆளுங்க மட்டும் இருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அக்காவுக்கு அன்றையிலிருந்து தூக்கம் போனது. அவளுடையது முனை மனை, வண்டி திரும்ப வசதி. அதன்மேல் ஒரு பட்டை வியாபாரிக்குக் கண். கிடங்கு கட்ட வேண்டும் என்று கணக்குப்பிள்ளையிடம் அவர் கேட்டிருப்பது ஊருக்கே தெரியும்.

அந்த மார்கழியில்தான் எலி விழ ஆரம்பித்தது.

முதலில் பட்டைக் கிடங்கில் விழுந்தது. அப்புறம் எங்கள் வரிசைக்குப் பின்னால். பிளேக் வருகிறது என்றால் எலிதான் முதலில் சாகும் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எலி விழுந்தால் தகவல் சொல்ல வேண்டும், சொன்னால் சர்க்கார் ஆட்கள் வந்து வீட்டைக் காலி செய்வார்கள் என்பதும் தெரியும். ஒரு நாள் காலையில் நெருப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்பிலிருந்து மயிர் கருகுகிற நாற்றம். இடுக்கியால் எதையோ தணலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். நெருப்புக்கு வெளியே ஒரு வால் கிடந்தது.

“அக்கா, இன்னா இது?”

“கத்தாத. யாருகிட்டயும் சொல்லாத.” இடுக்கியோடு எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். “தை வரைக்கும்தான். காலம் எழுதி முடியட்டும், அப்பறம் எங்க போவச் சொன்னாலும் போறேன்.”

“செல்லம் இருக்குதே அக்கா. பொண்ணுக்கு எதனா ஆய்ட்டா?”

அவள் என் கையை விட்டுவிட்டுப் போய், வெளியே கிடந்த வாலையும் தணலுக்குள் தள்ளினாள். நான் நெருப்பு வாங்காமலே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கைகாலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கழுவிய பிறகும் அக்குளில் ஏதாவது கட்டி தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நாட்களில் எல்லோரும் அப்படித்தான், பேசிக்கொண்டிருக்கும்போதே கை அக்குளுக்குப் போய்விடும்.

அவள் மறைத்து என்ன, மற்ற வீடுகளில் விழுந்தது. முதல் வீட்டுப் பெரியவர் காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. சர்க்கார் ஆட்கள் வந்து வரிசையையே காலி செய்யச் சொன்னார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டில் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள், அங்கே போய் இருக்க வேண்டும். குத்தகை போய்விடுமே என்று ஆண்பிள்ளைகள் கணக்குப்பிள்ளையிடம் ஓடினார்கள். சர்க்கார் உத்தரவில் போனால் ஒன்றும் ஆகாது, நான் பொறுப்பு என்றார் அவர். வேறு வழியில்லாமல் நம்பினோம். அக்கா மட்டும் நம்பவில்லை. செல்லத்தின் கையில் ஒரு துணி மூட்டையைக் கொடுத்து என்னிடம் ஒப்படைத்தாள். “நீ முன்ன போ, நான் பின்னால வர்றேன்” என்று பெண்ணிடம் சொன்னாள். வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும், செல்லத்துக்கும் தெரியும்.

கொட்டகையிலிருந்து பார்த்தால் மணலுக்கு அப்பால் எங்கள் வரிசையின் கூரைகள் தெரியும். செல்லம் காலையில் எழுந்ததும் அங்கே போய் நின்றுகொள்வாள். புகை வருகிறதா என்று பார்ப்பாள். புகை இல்லை. இத்தனை வருஷம் ஆள் இருக்கிறது என்று காட்டிய புகையே இப்போது அவளைக் காட்டிக் கொடுத்துவிடும் அல்லவா? புகையைக் கண்டால் சர்க்கார் ஆட்கள் வந்து இழுத்துக்கொண்டு போவார்கள். அதனால் அடுப்பை மூட்ட மாட்டாள். புகை இல்லையென்றால் உயிரோடு இருக்கிறாளா என்று எங்களுக்குத் தெரியாது. பெண் என் முகத்தைப் பார்ப்பாள். நான் என்ன சொல்வேன்? “அம்மா கெட்டிக்காரி, மூட்ட மாட்டா” என்பேன்.

மனசு கேட்காமல் ஒரு நாள், துணி துவைக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அவலும் வெல்லமும் முடிந்துகொண்டு மணலைத் தாண்டிப் போனேன். பட்டப்பகல். அந்தப் பகலை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. வெயில் பட்டால் நோய் போகும் என்று சர்க்கார் ஆட்கள் வீடுகளின் ஓடுகளை அங்கங்கே பிரித்துப் போட்டிருந்தார்கள். கதவுகள் திறந்து கிடந்தன. கொட்டகைகளில் ஊறப்போட்ட தோல் எடுக்க ஆளில்லாமல் அழுகி நாறியது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. என் காலடிச் சத்தத்துக்கே நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

“அக்கா” என்று மெதுவாகக் கூப்பிட்டேன். வீட்டுக்குள்ளிருந்து பதில் இல்லை. எனக்கு உயிர் போய்விட்டது. இரண்டாம் தரம் கூப்பிட்டபோது வீட்டுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பக்கத்துத் தோல் கொட்டகையின் காலியான சுண்ணாம்புத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். சர்க்கார் ஆட்கள் வருகிற சத்தம் கேட்டால் அதற்குள் இறங்கிவிடுவாளாம். என் சத்தத்தையும் அவர்கள் சத்தம் என்றே நினைத்திருக்கிறாள். பாதமெல்லாம் சுண்ணாம்பு பட்டு வெடித்திருந்தது.

“இங்கேர்ந்து பாத்தா நம்ம வாசப்படி தெரியுது தங்கச்சி” என்றாள், நான் எதையோ குறை சொல்லிவிட்ட மாதிரி. அப்புறம்தான் பெண்ணைப் பற்றிக் கேட்டாள். அதற்கும் அப்புறம், “கணக்குப்பிள்ள இந்தப் பக்கம் வந்தாரா? புகையில்லன்னு நெனச்சிக்குவாரோ?” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. “அவரு எதுக்கு வர்றாரு? உயிரு மேல ஆச இருக்கறவரு” என்று சொல்லிவிட்டு அவலை வைத்துவிட்டு வந்தேன்.

தை பிறந்தது. மனைக்காரர் வந்தார். வரிசைக்கு வரவில்லை, கொட்டகைக்கே வந்துவிட்டார். மேட்டில் புங்கமரத்தடியில் மேஜை போட்டார்கள். மனைக்காரர் தள்ளி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். கணக்குப்பிள்ளை கழுத்தில் கற்பூர முடிச்சைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் போய்க் கைநாட்டு வைத்தார். காலம் நீண்டது. இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. எத்தனை வருஷப் பயம், கட்டை விரலை ஒரு அமுக்கு அமுக்கினதும் தீர்ந்துவிட்டது.

“கடைசி வீடு” என்று கூப்பிட்டார் கணக்குப்பிள்ளை.

செல்லம் போய் நின்றாள். “பொண்ணு ஆவாது. பெரியவங்க எங்க? பொழுது சாயற வரைக்கும் இருப்போம், வரச் சொல்லு” என்றார்.

நான் ஓடினேன். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அந்த மணலில் விழுந்து எழுந்து ஓடினேன். அக்கா வீட்டுக்குள்தான் இருந்தாள். கதவை ஒருக்களித்துத் திறந்தாள்.

“அக்கா, எழுதறாங்க. ஐயா வந்துட்டாரு. ஓடியா.”

“எங்க எழுதறாங்க?”

“மேட்டுல, கொட்டகையாண்ட.”

அவள் முகம் மாறிவிட்டது. “வீட்டுக்குக் காலம் எழுதறவங்க வீட்டாண்ட வராம மேட்டுல உக்காந்து கூப்புடுவாங்களா? நடு வீட்டுக்காரங்களுக்கு வாக்குக் குடுத்தது யாரு? இதே கணக்குப்பிள்ளதானே?”

“நான் கண்ணால பாத்தேன்க்கா. எங்க வீட்டுக்காரரு கைநாட்டு வெச்சிட்டாரு.”

“உனுக்கு எழுதுவாங்க. உன் மனைய யாரு கேட்டா? நான் ஆத்துல கால வெச்சதும் பட்டைக்காரன் வண்டி இங்க வந்து நிக்கும்.”

எனக்கு அழுகை வந்தது. “அப்ப நான் இங்க உக்காந்துக்கினு இருக்கேன். நீ போய்ட்டு வா. ஆளு இருந்தா போதும் இல்ல?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. “நீ உக்காந்துக்கினா அது யாரு வீடு தங்கச்சி?” என்றாள்.

பெற்ற பெண்ணை நம்பி ஒப்படைத்தவள், வீட்டை நம்பி ஒப்படைக்கவில்லை. சுருக்கென்றது எனக்கு. என்ன செய்ய, அவள் மேல் தப்புச் சொல்லவும் முடியவில்லை. நான் இருக்கிறேன் என்று சொன்னேனே தவிர, அந்த வாசற்படிக்கு இரண்டு எட்டு தள்ளியேதான் நின்றுகொண்டிருந்தேன். எலி எரிந்த வீட்டுக்குள் கால் வைக்க எனக்கு நெஞ்சு வரவில்லை. அதை அவளும் பார்த்திருப்பாள். “அவர இங்க வரச் சொல்லு, நான் எங்கயும் போய்டல” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி ஓடிவந்து கணக்குப்பிள்ளையின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். “வீட்லதான் இருக்காங்க சாமி. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

அவர் கற்பூர முடிச்சை மூக்கில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். “அந்தத் தெருவுக்கா? எனக்கும் புள்ள குட்டி இருக்குதும்மா” என்றார். அவருக்கும் பயம்தான். ஆனால் அவர் பயந்தால் அவர் வீடு போகாது.

பொழுது சாய்ந்தது. மேஜையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வெயில் ஏறி நோய் தணிந்த பிறகு வரிசைக்குத் திரும்பினோம். கொட்டகையில் சிலரைப் பறிகொடுத்திருந்தோம். அக்கா வாசலில் நின்றாள், குச்சியாக, உயிரோடு. செல்லம் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு எங்கள் வரிசையில் எல்லாக் கூரையிலும் புகை வந்தது.

அந்த வாரமே கணக்குப்பிள்ளை கூலியாட்களோடு வந்தார். முனை மனை பட்டை வியாபாரிக்கு எழுதியாகிவிட்டது என்றார்.

“நான் எங்கயும் போவலையே சாமி. ஒரு நாளு வெளிய போவலையே. இவங்க எல்லாரும் போனாங்க, நான்தானே இருந்தேன்” என்றாள் அக்கா. குரலில் அழுகை இல்லை. கணக்கு எங்கோ தப்பாகிவிட்டது, எடுத்துச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவள் மாதிரி சொன்னாள்.

“கூப்ட எடத்துல நீ இல்லியேம்மா. ஆளு இல்லன்னு ஐயாகிட்ட சொல்லியாச்சி. இனிமே நான் இன்னா பண்றது?”

கூலியாட்கள் கூரைமேல் ஏறி ஓட்டைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். நாங்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்தோம். ஒருத்தராவது இறங்கிப் போய், இது அநியாயம் என்று சொல்லவில்லை. எங்கள் கைநாட்டின் மை காய்ந்து எத்தனை நாள் ஆகியிருக்கும்? எழுதினதை அடித்துவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொருத்தருக்கும் பயம்.

ஓட்டையும் மரத்தையும் வியாபாரியே எடுத்துக்கொண்டு, கோலாருக்குப் போக வழிச்செலவு கொடுத்தார். மறுநாள் காலையில் அக்கா ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, செல்லத்தின் கையைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். அவளைத் தெருவில் முழுசாகப் பார்க்க எனக்கு விநோதமாக இருந்தது. கணக்குப்பிள்ளை அந்தப் பக்கம் குடையை ஊன்றிக்கொண்டு, சுவரை இடிக்கிறவர்களை ஏவிக்கொண்டிருந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“ரயிலடிக்கு எப்டி தங்கச்சி போவணும்?” என்று கேட்டாள்.

அந்த வீட்டில் உட்கார்ந்தால் ஒவ்வொரு ரயிலும் ஊதுவது கேட்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டவள். செல்லம், “எனக்குத் தெரியும்மா” என்றாள். அவள் பெண்ணை நம்பினதாகத் தெரியவில்லை. நான் கையை நீட்டி, இப்படிப் போய், மசூதியாண்ட திரும்பி, கடைத்தெருவைத் தாண்டி என்று சொன்னேன். அவள் உதடு என் வார்த்தைகளைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. ரஸ்தாவில் ஒரு மாட்டுவண்டி கடகடவென்று போனது. அதற்கே சுவரோரம் ஒண்டினாள்.

“கடத்தெரு வரைக்கும் நீயும் வாயேன். இவ்ளோ ஜனத்தப் பாத்தா எனக்குப் படபடன்னு வருது.”

நான் முந்தானையைச் செருகிக்கொண்டு படியில் இறங்கிவிட்டேன். அப்போதுதான் கணக்குப்பிள்ளை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். சமையலை முடித்து அடுப்பை நான் அணைத்திருந்தேன்.

“அக்கா, வீட்ல ஆளு இல்ல” என்றேன்.

அவள் முகம் வெளிறிவிட்டது. தலைமூட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.

“ஐயோ, அப்ப நீ வராத தங்கச்சி. உள்ள போ, உள்ள போ.”